வகையறா

எங்கள் ஊர்க் கணக்கில் 43 வயதுவரை நான் ஒரு ஆளாக ஏறவில்லை.

வைகாசித் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் கோயில் வாசலில் கூட்டம் போட்டு வரி குறிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. கணவனை இழந்தவர்களுக்கு அரை வரி. கல்யாணம் ஆகாதவன் தலை நரைத்தாலும் அப்பன் வரிக்குள் அடக்கம். அப்பன் போய்விட்டால் ஆத்தாளின் அரை வரிக்குள் அடக்கம். எங்கள் அப்பா 2019-ல் இறந்தார். அதற்குப் பிறகு நான், சென்னையில் பதினாலு வருடம் மென்பொருள் எழுதியவன், மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலைப் பார்த்துக்கொள்பவன், அம்மாவின் அரை வரிக்குள் ஏதோ ஒரு பின்னமாகக் கிடந்தேன். வரி இல்லாதவன் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. திறந்தால், "மொதல்ல ஒரு கால்கட்டப் போடுப்பா, அப்புறம் வந்து பேசு" என்பார்கள். சொல்வதில் வன்மம் இருக்காது. ஜோக் மாதிரிதான் சொல்வார்கள். இருபது வருடம் அதே ஜோக்.

நான் கே, ஆணை விரும்பும் ஆண். ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மேற்கு மலை, விடிகாலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் ஏறும் ஜீப்புகள், முல்லைப் பெரியாறு வாய்க்கால், நெல், தென்னை, திராட்சை. வீட்டுக்கு வீடு சாமி படங்களோடு பென்னிகுயிக் படமும் மாட்டியிருக்கும். 1895-ல் அணையைக் கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட வெள்ளைக்காரருக்கு இன்றும் பொங்கல் வைக்கிறோம். அதே வெள்ளைக்காரர்கள் 1860-ல் எழுதி வைத்த, ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கிய 377-ம் பிரிவைப் பற்றி மட்டும் எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. அணைக்குக் கீழே குளித்துக்கொண்டே அந்தச் சட்டத்துக்குப் பயந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னை நண்பர்கள் கேட்பார்கள்: "கிராமத்துல எப்படிடா சமாளிச்ச?" உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இளவயதில் சமாளிக்க ஒன்றுமே இல்லை. ஒரு பையனும் பெண்ணும் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் பேசினால் சாயங்காலத்துக்குள் ரெண்டு வீட்டிலும் பஞ்சாயத்து. ரெண்டு பையன்கள் தோளில் கை போட்டு நடக்கலாம், ஒரே வண்டியில் ஒட்டி உட்கார்ந்து சுருளி அருவிக்குப் போகலாம், மொட்டைமாடியில் ஒரே போர்வைக்குள் தூங்கலாம். "ரெண்டு பேரும் உசுரு" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த நிழலில் நான் என்னவெல்லாம் வளர்த்துக்கொண்டேன் என்பது எனக்கும் ஒரு பள்ளித் தோழனுக்கும் மட்டும் தெரியும். அவன் இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னைப் பார்த்தால் ரொம்ப மரியாதையாக வணக்கம் வைக்கிறான்.

முப்பது தாண்டியதும் நிழல் விலக ஆரம்பித்தது. கல்யாணம் ஆகாத ஆண் எங்கள் ஊரில் ஒரு கேள்வி. குடிகாரனா, நோயாளியா, ஜாதகத்தில் தோஷமா, பட்டணத்தில் யாரையாவது வைத்திருக்கிறானா? எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று ஆன பிறகு கடைசியாக ஒன்று மிஞ்சும். அதற்கு ஊரில் வைத்திருந்த சொல், "அவன் ஒரு மாதிரி."

பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதிவந்த 'ஓரினச்சேர்க்கையாளர்' எனக்குப் பிடித்ததே இல்லை. அதில் ஆளைக் காணோம், படுக்கை மட்டும் இருக்கிறது. 'தன்பாலீர்ப்பாளர்' பரவாயில்லை. சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு தமிழக அரசு 2022 ஆகஸ்டில் இந்தச் சொற்களுக்கென்றே ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் 'ஒரு மாதிரி'யை நான் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மாட்டேன். என்ன மாதிரி என்று யாரும் விவரம் கேட்காத சொல் அது. வசை வீசவும் உதவும், வாயை மூடிக்கொள்ளவும் உதவும்.

என்னை முதன்முதலில் அடையாளம் கண்டவர் எங்கள் ஊர்த் திருநங்கை ஒருவர். பம்பாயில் இருந்தவர், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் வருவார். எட்டு நாள் திருவிழா, ராட்டினமும் தீச்சட்டியும் கரும்புச்சாறும் ஒரே புழுதியாக இருக்கும். எனக்குப் பதினேழு வயது. கூட்டத்தில் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்து, "என்னடி, நல்லா இருக்கியா?" என்றார். அந்த 'டி' என் முதுகுத்தண்டில் இறங்கியது. கூட வந்த பயல்கள் காதில் விழுந்துவிட்டதோ என்று, "போ அங்கிட்டு" என்று எல்லோரையும் போல நானும் விரட்டினேன். அவர் கோபப்படவில்லை. ராட்டினத்துப் பக்கம் நடந்துவிட்டார். அவர் மாதிரிப்பட்டவர்களுக்கு ஊரில் பெயர் இருந்தது, கோயிலில் ஒரு இடம் இருந்தது, கூவாகத்தில் ஒரு சாமியே இருந்தது. வீடு மட்டும் இல்லை. எனக்கு வீடு இருந்தது, பெயர் இல்லை. இந்தக் கணக்கை அப்போதே போட்டுப் பார்க்கும் அறிவு இருந்திருந்தால் அவரை விரட்டியிருக்கமாட்டேன்.

மதுரையில் கல்லூரி. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து யாகூ அரட்டை அறைகளில் மற்றவர்களைக் கண்டுபிடித்தேன். அப்புறம் சென்னை வேலை. 2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் சென்னையின் முதல் வானவில் பேரணி. போனேன். நடக்கவில்லை. மணலில் உட்கார்ந்து சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி கேமரா திரும்பும்போதெல்லாம் பொட்டலத்தால் முகத்தை மறைத்தேன். சரியாக நான்கு நாள் கழித்து, ஜூலை 2 அன்று, டெல்லி உயர்நீதிமன்றம் 377-ன் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அந்தப் பல்லைத் திரும்ப ஒட்டவைத்தது. மறுபடியும் பிடுங்க 2018 செப்டம்பர் 6 ஆனது. இந்த ஒன்பது வருடமும் என் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2010-ல் தாய்மாமா என்னை மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். பெயர் வேண்டாம். அவர் என்னிடம் ஐந்து நிமிடம் பேசினார், மாமாவிடம் அரை மணி நேரம் பேசினார். வாய் உலரும் மாத்திரை ஒன்று எழுதிக்கொடுத்து, "ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க, சரியாப் போயிரும்" என்றார். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. மதுரைக்கு அந்தச் சேதி வந்து சேர இருபது வருடம் போதவில்லை.

அந்த மாத்திரையைவிட மோசமான காரியத்தை நானே செய்தேன். 2011-ல் பெரியகுளம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டேன். எதிர்த்துப் பேசிப் பேசி அலுத்துப்போன ஒரு நாளில் சொன்ன சரி. நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்னால் தாங்கமுடியாமல் அந்தப் பெண்ணுக்கே போன் செய்து, எனக்கு இதில் விருப்பமில்லை, நீங்களே வேண்டாமென்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நான் சொன்னா என்னையத்தான் பேசுவாக. நீங்க ஆம்பளைதானே, நீங்க சொல்லுங்க." சொன்னேன். அதற்கும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அவர்கள் பந்தலுக்கும் சமையலுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். பேச்சு எப்படியும் அந்தப் பெண்மேல்தான் விழுந்தது என்று பின்னால் தெரிந்தது. என் கதையில் நான் மட்டும்தான் பாவப்பட்டவன் என்று யாராவது நினைத்தால், அந்தத் தொலைபேசிப் பேச்சை அவர்களுக்குச் சொல்வேன்.

அது முறிந்த பிறகு அம்மா கோயில்களில் இறங்கினார். குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றி முடித்தபின் மாயவரத்துக்குப் பக்கத்துத் திருமணஞ்சேரி. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை சாத்தி, சாமி கழுத்திலிருந்து ஒரு மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாகப் போய் நன்றி சொல்ல வேண்டும். என் மாலை பூஜையறை ஆணியில் ஒரு துணிப்பையில் தொங்கியது. வருடாவருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பையை எடுத்து வைத்துவிட்டு, காய்ந்ததும் திரும்ப அதே ஆணியில் மாட்டுவார்கள். எட்டு பொங்கல் அப்படிப் போயின.

கொரோனா வருடத்தில் வேலையை மடிக்கணினிக்குள் சுருட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பந்தலைப் பார்க்க அப்பா இல்லை. கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம் என்பதைத் தவிர திராட்சையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. முதல் போகத்தில் பாதி வெடித்துப் போயிற்று.

எங்கள் பள்ளத்தாக்கில் கே செயலி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சென்னையில் அடுத்த ஆள் ஐம்பது மீட்டரில் இருப்பான். இங்கே முதல் ஆள் ஆறு கிலோமீட்டர், அடுத்தவர் பதினெட்டு, அப்புறம் மலை தாண்டிக் கட்டப்பனை. முகப்படம் யாரும் வைப்பதில்லை. சூரிய அஸ்தமனம், ரோஜாப்பூ, விஜய், பழனி முருகன். நான் பேசியவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆனவர்கள். ஒருவர் தினமும் ராத்திரி பத்தரைக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வருவார். சந்திக்க வேண்டும் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்பார். ஒருநாள், "எம் பொண்டாட்டி நல்லவ சார், அவளுக்கு நான் பண்ணுறது அநியாயம்" என்று எழுதினார். எனக்குப் பதில் எழுத வரவில்லை. பெரியகுளத்துப் பெண் நினைவுக்கு வந்தார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று வைத்தியம் சொல்பவர்கள் அந்த மருந்தை யார் தலையில் கட்டுகிறோம் என்று யோசிப்பதே கிடையாது.

பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கணக்கில் மட்டும் ஒரு மலைமாட்டின் படம் இருந்தது. நல்ல செவலைக் காளை, கொம்பு ரெண்டும் வில் மாதிரி. "இது உங்க மாடா?" என்று எழுதினேன். "இல்ல, பேஷண்ட்" என்று பதில் வந்தது.

அவன் கால்நடை ஆய்வாளர். டெல்டா பக்கத்துக்காரன், என்னைவிட நாலு வயது இளையவன், கிளை நிலையத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லோயர் கேம்ப் பென்னிகுயிக் மணிமண்டபத்தில்தான் முதலில் சந்தித்தோம். அங்கே ரெண்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தால் தண்ணீர்ப் பிரச்சினை பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நாங்களும் ஒரு மணி நேரம் முல்லைப் பெரியாறு பற்றித்தான் பேசினோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவன் 'மாட்டு டாக்டர்'. சினை ஊசி போட, கன்று மாட்டிக்கொண்டால் எடுத்துவிட, ராத்திரி ஒரு மணிக்கும் கூப்பிடுவார்கள். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழு என்று மாட்டுக்கே ஒரு கோயில் உள்ள பகுதி இது. மாட்டைக் காப்பாற்றுகிறவனுக்கு இங்கே தனி மவுசு. 2022-ல் தோல் கழலை நோய் நாடெங்கும் பரவியபோது அவன் விடியற்காலை முதல் தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கினான். எங்கள் தெருவில் ஒரு மாடுகூடப் போகவில்லை. அதற்குள் அவன் எங்கள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்திருந்தான். வாடகை மாதம் 1,500 ரூபாய் என்று அம்மா கறாராகப் பேசி முன்பணமும் வாங்கினார்.

ஊரார் அவனிடம் கேட்ட முதல் கேள்வி கல்யாணத்தைப் பற்றியது இல்லை. "தம்பி எந்த ஊரு? என்ன ஆளுக?" என்றுதான் கேட்டார்கள். அவன் சொன்ன பதில் அவர்களுக்குச் செரித்தது. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். செரிக்காத பதிலாக இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கமாட்டீர்கள். எங்களை மாடியில் விட்டுவைத்த அதே தெருவில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன ஒரு பெண்ணின் பெயரை அவள் வீட்டார் இன்றுவரை வாயால் சொல்வதில்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஆண்கள், எனக்கு நிலம் இருக்கிறது, அவனுக்கு அரசு வேலை இருக்கிறது. எங்கள் ஊரின் பெருந்தன்மை இந்த மூன்று தூண்களின் மேல்தான் நிற்கிறது.

பெண்களாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நான் கற்பனை செய்யத் தேவையில்லை. மதுரையிலிருந்து ரெண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பிச் சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடிவந்தது, அவர்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்பதை ஒளிக்கவில்லை. ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை, இப்படிப்பட்ட ஜோடிகளைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று பல விஷயங்கள் அதில் இருந்தன. மறுநாள் பந்தலுக்கடியில் போனில் படித்தேன். மருந்தடிக்க வந்த ஆள், "என்னண்ணே, கண்ணு கலங்கியிருக்கு, மருந்து பட்டிருச்சா?" என்றான். ஆமாம் என்றேன். பத்து வருடத்துக்கு முன்னால் என் தாய்மாமா அந்த நீதிபதி உட்கார்ந்த மாதிரி ஒரு அறையில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா நல்ல மனிதர். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம், ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்ன செய்தி டீக்கடைத் தொலைக்காட்சியில் ஓடியது. நானும் அவனும் ஆளுக்கொரு கிளாஸோடு நின்றிருந்தோம். கடையில் பத்துப் பேர். யாரும் எங்களைப் பார்க்கவில்லை, அதாவது எல்லோரும் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள். டீ மாஸ்டர்தான் வாயைத் திறந்தார்: "ஏம்ப்பா, ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் கல்யாணம்னா ரெண்டு பக்கமும் மாப்ள வீடாச்சே? அப்ப சீரு யாரு கொண்டாறது?" உடனே சூடான விவாதம். ரெண்டு வீட்டாரும் சீர் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மண்டபத்துக்கு யார் பணம் கட்டுவது, தாய்மாமன் மாலையை யாருக்கு முதலில் போடுவது, மொய் நோட்டு ஒன்றா ரெண்டா? அரை மணி நேரம் பேசினார்கள். அது தப்பு, பாவம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முறை தெரியாததுதான் அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, தீர்ப்பு நெஞ்சில் கிடந்தது. இப்போது நினைத்தால் நாட்டிலேயே அந்தத் தீர்ப்பை உருப்படியாக விவாதித்தது எங்கள் டீக்கடையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

முறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியப்பா மகனின் குட்டிக்கு ஆறு வயது. நான் அவளுக்குச் சித்தப்பா. டாக்டரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குக் குழப்பம். பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"மாமான்னு கூப்புடு."

"சித்தப்பாவோட கூட்டாளின்னா அவுகளும் சித்தப்பாதான அப்பத்தா?"

"சொன்னதச் சொல்லு."

எங்கள் பக்கம் பிள்ளைகள் முறை தவறினால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். என் பங்காளி மகளுக்கு ஒருவன் சித்தப்பா என்றால் அவன் எனக்கு அண்ணன் தம்பி. மாமா என்றால் அவன் எங்கள் வீட்டில் சம்பந்தம் செய்தவன். பெரியம்மா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் எழுபது வருடமாக முறை பிசகாமல் ஊரையே அழைத்துவருபவர். தெரியாமல் சொன்னார் என்று நான் நம்பத் தயாரில்லை. தெரியாத ஆம்பளை யாராக இருந்தாலும் பிள்ளைகள் மாமா என்றுதானே கூப்பிடும் என்று நீங்கள் சொல்லலாம். அவனும் அதைத்தான் சொன்னான். இருக்கலாம்.

வாடகையையும் அம்மா எப்போது வாங்குவதை நிறுத்தினார் என்பது எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு மாதம் அவன் நீட்டியபோது, "அந்தப் பருத்திக்கொட்டைக் கடையில பாக்கி இருக்கு, அங்க குடுத்துரு" என்றார். அடுத்த மாதம் சிலிண்டர். அடுத்த மாதம் கேட்கவே இல்லை. ஆனால் அதற்காக அவர் மனம் மாறி எங்களை வாழ்த்திவிட்டார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் நேரில் பேசியது ஒரே ஒரு தடவை, 2023 தீபாவளிக்கு முந்தின ராத்திரி, முறுக்கு சுற்றும்போது. "நாளைக்கு எனக்குப் பிறகு ஒனக்குக் கொள்ளி வைக்க ஆரு இருக்கா?" என்றார். பாவம், புண்ணியம், ஊர் என்ன சொல்லும் எதுவும் இல்லை. கொள்ளி மட்டும்தான். அக்கா மகன் இருக்கிறான் என்றேன். "அவன் எங்க, துபாயிலருந்து வர்றதுக்குள்ள..." என்று சொல்லிவிட்டு அச்சை இறுக்கினார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

சட்டம் தராததைக் காகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதிச் சேவைகள் துறை, எங்களைப் போன்றவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக வைக்கவும் தடையில்லை என்று விளக்கம் கொடுத்தது. அதை அச்செடுத்துக்கொண்டு கிளைக்குப் போனோம். மேலாளர் வெளிமாநிலத்துக்காரர், காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை, ரெண்டு ஆதார், ரெண்டு பான், கையெழுத்து என்றார். படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். அதற்கு முன்னால் பேனாவோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'நண்பர்' என்று எழுதியதும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதற்கு நாங்கள் இன்னும் முயற்சி செய்யவில்லை. ரேஷன் கடைப் பையன் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவனுக்கு விளக்கம் சொல்லி அரிசி வாங்குவதற்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

போன வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆணியிலிருந்து எதையெல்லாமோ இறக்கினோம். துணிப்பை இல்லை. அக்காவிடம் கேட்டேன். அம்மாவும் அவளும் கார்த்திகையில் கும்பகோணம் போனார்களே, அப்போது திருமணஞ்சேரிக்கும் போய் மாலையைச் சேர்த்துவிட்டு வந்தார்களாம். "நேர்த்தி முடிஞ்சதுன்னு போட்டாகளா, இனிமே ஆகாதுன்னு போட்டாகளா?" என்று கேட்டேன். "நானும் கேட்டேன்டா. பூசாரி கேட்டா என்ன சொல்றதுன்னு நாம யோசிக்கணும், ஒனக்கென்னன்னு சொல்லிட்டாக" என்றாள் அக்கா.

இப்போது வரிக்கு வருகிறேன். 2025 சித்திரையில் கூட்டம். நான் போகவில்லை. கூட்டத்துக்குப் போயிருந்த அண்ணன், பெரியப்பா மகன், சொன்ன கதை இது. டாக்டர் வருடாவருடம் திருவிழாவுக்கு மூவாயிரம் கொடுக்கிறார், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கெழுதுபவர் கேட்டிருக்கிறார்.

"நன்கொடைன்னு எழுது."

"நன்கொடைன்னா வெளியூர்க்காரராயிருவாரு. நாளைக்கு மாத்தலாகிப் போயிட்டா?"

"அப்ப வரின்னு எழுது."

"வரின்னா வீடு இருக்கணும்."

"இருக்குல்ல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பின்னாலிருந்து யாரோ, "வீட்டோட மாப்பிள்ளைக்கு என்ன முறையோ அதப் பண்ணுங்கய்யா" என்று சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்திருக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவருக்குத் தனி வரி கிடையாது, பெண் வீட்டு வரியில் சேரும். அப்படியானால் அந்த வீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். பெரியதனக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு எழுதச் சொல்லிவிட்டார்.

"நீயும் சிரிச்சியா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"சிரிக்காம எப்படிடா இருக்க முடியும்?" என்றான்.

கேலியாகத்தான் தொடங்கியிருக்கிறது. எங்கே முடிந்தது என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கணக்கெழுதுபவரின் மகன் வரி ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தான். மஞ்சள் தாள், மேலே அம்மன் படம். என் பெயர், அதற்குப் பக்கத்தில் 'வகையறா', 1 வரி, ரூ. 3,000. மாடியிலிருந்து அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'வகையறா'மேல் விரலை வைத்து, "இது நானா?" என்றான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தார்.

"எம்பேரு தனியா இருக்கா?"

"இருக்கும்மா, அரை வரி."

"அதையும் நாந்தேன் கட்டணுமா?" என்று அலுத்துக்கொண்டார். ரசீதை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "மூவாயிரத்த இன்னைக்கே குடுத்துரு. நாளைக்கு மாத்திப்புடுவாய்ங்க."